விரிசலுக்குள் சிவப்பு

தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. தவளையாவது தேவலாம், தன் வாயால தானே கெட்டுது. நான் என் வாயால இன்னொருத்தங்க பிழைப்பைக் கெடுத்தேன். பகையும் இல்லை, காசுக்கும் இல்லை. நாலு பேரு முன்னாடி கெட்டிக்காரன்னு காட்டிக்கணும்ங்கற அரிப்பு, அவ்ளோதான்.

எனக்குக் கடை செங்கம் ரோட்டுல. பழைய மரச்சாமான் வாங்கி, சரி பண்ணி விக்கறது தொழில். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கும், அங்க காபி கடை வெக்கறவங்களுக்கும் பழைய கதவு, பழைய பீரோன்னா உசிரு. புதுக் கதவைச் சாணித் தண்ணியில ஊறப்போட்டு நூறு வருஷத்துதுன்னு விக்கற ஆளுங்களும் ஊருல ஜாஸ்தி. அதனால எது அசல், எது ஒட்டு, எங்க உடைஞ்சுது, எப்போ உடைஞ்சுதுன்னு பார்த்த மாத்திரத்துல சொல்றவனுக்கு ஒரு மவுசு உண்டு. அந்த மவுசு எனக்கு இருந்துச்சு. அதை நான் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினேன். யாராவது சந்தேகமாப் பார்த்தா, "மனுஷன் பொய் சொல்லுவான், மரம் பொய் சொல்லாது"ன்னு ஒரு போடு போடுவேன். என் வீட்டுக்காரிக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. சாயங்காலம் டீ டம்ளரை நீட்டும்போது, "இன்னிக்கு மரம் என்னங்க பேசுச்சு?"ன்னு கேட்டுச் சிரிப்பா. கிண்டல்தான். ஆனா எனக்கு அதுவும் பாராட்டாத்தான் காதுல விழும்.

இப்போ போன தேர்தலுக்கு வரேன். தேர்தல் தேதி சொல்லிட்டாங்கன்னா லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க எல்லாம் அதைக் கொண்டுபோய் அவங்கவங்க ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். ஓட்டு எண்ணி முடிச்ச அப்புறம்தான் திரும்பக் கைக்கு வரும். எங்க பக்கம் துப்பாக்கின்னா மல்லாட்டைக் கொல்லையில, அதான் வேர்க்கடலைக் காட்டுல, காட்டுப்பன்னி விரட்டறதுக்கு வெச்சிருக்கறதுதான். ஒப்படைக்கும்போது சீட்டு கட்டி, முடிச்சு மேல சிவப்பு அரக்கு உருக்கி ஊத்தி முத்திரை குத்தி, ஒரு ரூமுல அடுக்கிப் பூட்டிடுவாங்க.

ஒரு ஸ்டேஷன்ல அந்த ரூமுக்குப் பொறுப்பா இருந்தது ஒரு ஏட்டம்மா. எனக்குப் பழக்கம்தான். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போகும்போது இந்தம்மாவை எங்க கடைப் பக்கம்தான் டியூட்டி போடுவாங்க. நான் குட்டியானை வண்டியில பீரோவைக் கட்டிக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிப்பேன். "வாங்க பாய், சீக்கிரம், அந்தச் சந்துல திரும்பிடுங்க"ன்னு தடுப்பைத் தூக்கி விடுவாங்க. எத்தனையோ தடவை விட்டிருக்காங்க. ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லை.

அவங்கதான் எனக்குப் போன் பண்ணினாங்க. "பாய், ஒரு சிக்கல். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு விவசாயி, துப்பாக்கியைத் திருப்பி வாங்கும்போது அதோட மரக்கட்டை விரிஞ்சிருக்குன்னு சொல்றார். என் பொறுப்புல இருக்கும்போது உடைஞ்சுதுன்னு ஆயிடுச்சுன்னா எனக்கு வரவேண்டிய பிரமோஷன் போயிடும், மலைமேல இருக்கற ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது பாய். இன்ஸ்பெக்டர் கிட்ட நான்தான் உங்க பேரைச் சொன்னேன். நீங்க பார்த்தா பழசா புதுசான்னு தெரிஞ்சிடும் இல்ல?"

"தெரியாம எங்க போகும்? நான் வரேன், கவலைப்படாதீங்க"ன்னு சொன்னேன். கவலைப்படாதீங்கன்னு சொன்ன இந்த வாயை என்ன பண்ணா தகும்!

போனேன். இன்ஸ்பெக்டர் மேஜை மேல செய்தித்தாள் விரிச்சு அதுல துப்பாக்கியைப் படுக்க வெச்சிருந்தாங்க. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துத் துப்பாக்கி. அப்புறம் ஜெயில் காவலுக்குன்னு குழலை உள்பக்கம் கடைஞ்சு, சிதறு குண்டு போடற மாதிரி மாத்தி, பழசானதும் ஏலத்துல விட்டிருக்காங்க. அந்த விவசாயியோட அப்பா ஏலத்துல எடுத்து லைசென்ஸ் வாங்கினாராம். விவசாயிக்கு அறுபதுக்கு மேல இருக்கும். துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு சுவரோரமா நின்னார். ஏட்டம்மா கதவுக்குப் பக்கத்துல. போலீஸ்காரங்க ரெண்டு மூணு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்னாங்க. கூட்டம் சேர்ந்தா எனக்குக் கொம்பு முளைச்சிடும்.

கட்டையைக் கையில எடுத்து முதல்ல மோந்து பார்த்தேன். டார்ச்சைச் சாய்ச்சுப் புடிச்சேன். நேரா வெளிச்சம் அடிச்சா ஒட்டு தெரியாது, சாய்ச்சு அடிச்சாத்தான் மேடு பள்ளம் நிழல் விழும். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு நகத்தால மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தேன். ஒரு மரமும் இன்னொரு மரமும் ஒரே மாதிரி சுருங்காது. எத்தனை நேர்த்தியா ஒட்டினாலும் வருஷம் போகப் போக ஒண்ணு தாழும், ஒண்ணு நிக்கும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தட்டும்.

"இங்க பாருங்க சார்"னு குழலுக்குக் கீழ ஒரு இடத்தைக் காட்டினேன். படகு மாதிரி ஒரு துண்டு, கட்டைவிரல் நீளம், ரெண்டு பக்கமும் கூர்மையா. "இது பட்டாளத்து ஒர்க்ஷாப்லயே போட்டது. அதே வால்நட் மரம், அதே ரேகை ஓட்டம். மேல ஒரு முத்திரை அடிச்சிருக்கான், பாதி எழுத்து பழைய மரத்துல, பாதி எழுத்து ஒட்டுத் துண்டுல விழுந்திருக்கு. அப்போ முத்திரைக்கு முன்னாடியே இந்த ஒட்டு இருந்திருக்கு." இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பார்த்து "அட, ஆமா"ன்னார். தோள்ல முட்டுக் குடுக்கற அடிப்பக்கம் ஒரு மூலை தேக்குல இருந்துச்சு. "இது நம்ம ஊரு ஆசாரி வேலை. ரேகையைக் குறுக்கால வெச்சிருக்கார், ஆணி அடிச்சிருக்கார். ஏலத்துல எடுத்த அப்புறம் போட்டது." விவசாயி தலையாட்டினார். "எங்கப்பா காலத்துல எலி கடிச்சிடுச்சுன்னு போட்டோம்"னார். கூட்டம் அசந்து போச்சு. எனக்குத் தலை கிர்ருன்னு ஏறிக்கிச்சு.

அப்புறம்தான் விரிசலுக்கு வந்தேன். கட்டையோட கழுத்து, கையால இறுக்கிப் புடிக்கற இடம். அங்க இருந்து சாய்வா ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்துச்சு. நான் விரலை வெச்சு அழுத்தினதும் வாயைத் திறந்துச்சு.

"பாய், நான் வாங்கும்போதே அந்த இடம் லேசா ஆடுச்சு"ன்னாங்க ஏட்டம்மா. "அன்னிக்குப் பெரிய கூட்டம், நான் யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். ஆனா ஆடுச்சு பாய்."

"நீங்க சும்மா இருங்கம்மா. மரம் பேசட்டும்"னேன்.

இந்த ஒரு பேச்சை நினைச்சா இப்பவும் எனக்குச் சோறு இறங்கறதில்லை. அவங்களைப் பார்த்துக்கூடச் சொல்லலை, டார்ச்சைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

விரிசலுக்குள்ள வெளிச்சம் அடிச்சேன். உள்பக்கம் மரம் வெளேர்னு இருந்துச்சு. பழைய விரிசல்னா எண்ணெயும் அழுக்கும் ஏறி உள்ள கறுத்திருக்கணும். வெளுப்பா இருந்தா புதுசு. இது என் தொழில்ல அரிச்சுவடி. அடியில சின்னதா சிவப்பு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கெட்டியா, மெழுகு மாதிரி. ஊசியால நோண்டிக் காகிதத்துல வெச்சேன். துப்பாக்கியில தொங்கின சீட்டு முடிச்சுல இருந்த அரக்கையும் பார்த்தேன். அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு. "முத்திரை குத்தின அப்புறம் உடைஞ்சிருக்கு சார், அரக்குத் துணுக்கு உள்ள போயிருக்கு." இதோட நிறுத்தியிருந்தாலாவது போகட்டும். விரிசல் ஓரத்துல பளபளன்னு பசை காஞ்சிருந்துச்சு. நாக்குல தொட்டுப் பார்த்தேன். தண்ணியில கரையற கோந்து. மேஜை மேல கவர் ஒட்டற கோந்து பாட்டில் இருந்துச்சு. அதைத் தூக்கிக் காட்டி, "எவரோ இதை வெச்சு ஒட்டி மறைக்கப் பார்த்திருக்காங்க. ஒரு மாசம்கூட ஆகியிருக்காது"ன்னு சொல்லிட்டு நாற்காலியில சாஞ்சு உக்காந்தேன்.

ஏட்டம்மா முகத்தை நான் அப்போதான் பார்த்தேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மாட்டிக்கிட்டதுனால பேச்சு வரலைன்னு நினைச்சேன். உடைஞ்சதுன்னா கவனக்குறைவு, ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும். ஒட்டி மறைச்சதுன்னா மோசடி. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

கட்டையை என்கிட்டயே சரி பண்ணக் குடுத்தாங்க. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலை நான் அதுக்கு முன்னாடி செஞ்சதில்லை. விரிசலை அகட்டி, உள்ள இருந்த கோந்து, சிவப்பு, தூசி எல்லாத்தையும் பிரஷ்ஷால தேய்ச்சு, ஸ்பிரிட் விட்டுக் கழுவி, மரத்தை மரமாக் கொண்டு வந்து, ரெண்டு டியூப் கலக்கற பசையை ஊட்டி, இறுக்கிக் கட்டி வெச்சேன். மேல லின்சீட் ஆயில். நகத்தால இழுத்தா எனக்கே தட்டலை. விவசாயி வாங்கிப் பார்த்துட்டு, "உடைஞ்ச இடமே தெரியலையே பாய்!"னார். கடையில இருந்தவங்ககிட்ட எல்லாம் காட்டினேன்.

ஏட்டம்மாவுக்கு மெமோ வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். விசாரணை முடியற வரைக்கும் பிரமோஷன் இல்லை. ஆடிப் பௌர்ணமிக்குக் கடைப் பக்கம் டியூட்டியில நின்னாங்க. நான் வண்டியில வந்தேன். எப்பவும் போலத் தடுப்பைத் தூக்கி விட்டாங்க. "வாங்க பாய்" மட்டும் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. பாவம், தப்பு பண்ணிட்டு முகத்துல முழிக்க வெக்கப்படறாங்கன்னு நினைச்சேன். நான் நினைச்சேன் அப்படி! யா அல்லாஹ், எனக்கு எவ்ளோ கொழுப்பு.

ஆயுத பூஜை வந்துச்சு. என் கடையில பாலிஷ் போடறவர் என்கூட ரொம்ப வருஷமா இருக்கார், அவரும் கீழ்பென்னாத்தூர் பக்கம்தான். பூஜை அவர் பொறுப்பு. பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கக் காசு குடுக்கறதும், பொரியை உக்காந்து தின்னறதும் என் பொறுப்பு. முந்தின நாளே உளி, சுத்தி, இழைப்புளி எல்லாத்தையும் அவர் கழுவி வெச்சிடுவார். வழக்கமா அந்த நேரத்துல நான் வீட்டுக்குப் போயிடுவேன். அன்னிக்கு ஒரு பார்ட்டி வரேன்னு சொல்லி வராம போனதுனால கல்லாவுலயே குந்திக்கிட்டு இருந்தேன்.

பழைய இழைப்புளி ஒண்ணு, மர உடம்புல விரிசல் விட்டுக் கன்னங்கரேர்னு கெடக்கும். அதைப் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். தேங்காய் நார்ல புளியை அப்பி, விரிசலுக்குள்ள எல்லாம் விட்டு வரட்டு வரட்டுன்னு தேய்ச்சுத் தண்ணி ஊத்தினார். எதேச்சையா எட்டிப் பார்த்தேன். விரிசலோட உள்பக்கம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்திருந்துச்சு.

கையில இருந்த கணக்கு நோட்டை மூடி வெச்சேன்.

புளி பித்தளையை மட்டுமா வெளுக்க வைக்கும்? மேஜையில கறை இருந்தா நானே எலுமிச்சம்பழம் தேய்ச்சு வெளுக்க வைக்கறவன்தானே? எழுந்து பக்கத்துல போய் நின்னேன். அவர் துடைச்சு, எண்ணெய் தடவி, சந்தனம் வெச்சு, அதுமேல குங்குமம் வெச்சார். வழிஞ்ச எண்ணெயில குங்குமம் குழைஞ்சு விரிசலுக்குள்ள இறங்குச்சு. "இது காஞ்சா எப்படிப்பா இருக்கும்?"னு கேட்டேன். "மெழுகு மாதிரி ஆயிடும் பாய், அடுத்த வருஷம் ஊசி போட்டு நோண்டினாத்தான் வரும்"னார். அப்புறம் சட்டைப் பையில இருந்து ஒரு பொட்டலத்தைப் பிரிச்சார். கருவேலம் பிசின். "வாய் திறந்துக்கிட்டு இருக்கு, பிசின் வெச்சு மூடிடறேன். எங்க ஊருல எல்லாத்துக்கும் இதான்." கடையில பாட்டில்ல விக்கற கோந்தும் இந்தப் பிசின் ஜாதிதான். எனக்கு அது தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன புண்ணியம்.

மறுநாள் பூஜை நேரம் முடிஞ்சதும் வண்டியை எடுத்துக்கிட்டு விவசாயி வீட்டுக்குப் போனேன். வாசல்ல டிராக்டருக்கு மாலை போட்டிருந்துச்சு. உள்ள சாமி படத்துக்கு முன்னாடி அரிவாள், மண்வெட்டியோட அந்தத் துப்பாக்கியும் சந்தனம் குங்குமத்தோட கெடந்துச்சு. "இதை வருஷா வருஷம் கழுவுவீங்களா?"ன்னு கேட்டேன்.

விவசாயிக்கு ஒண்ணும் புரியலை. "எனக்கென்ன தெரியும், பரண்ல கெடக்கும். தேர்தல்னா துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போவேன். பூஜைக்கு இறக்கிக் கழுவறது எல்லாம் வீட்டுலதான்"னார்.

நான் எல்லாத்தையும் சொன்னேன். ஏட்டம்மாவோட பிரமோஷன், மலை, ப்ளஸ் டூ படிக்கற பொண்ணு, நான் நாக்குல தொட்டுப் பார்த்த கோந்து, எல்லாத்தையும். உள்ள கேட்டுக்கிட்டு இருந்த அவர் வீட்டம்மா முந்தானையால கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. புருஷனைப் பார்க்காம என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "நான் கல்யாணமாகி வந்த புதுசுல பரண்ல இருந்து இறக்கும்போது கை நழுவி விட்டுட்டேன். மாமனார் கோவக்காரர். பயந்துக்கிட்டு பிசின் வெச்சு ஒட்டினேன். அதுல இருந்து ஒவ்வொரு பூஜைக்கும் கழுவறேன், ஒட்டறேன். மழைக்கு மூடிக்கும், கோடையில லேசா வாயைத் திறக்கும். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாது."

தேர்தல் சித்திரை வெயில்ல. அந்த ரூமுக்குத் தகரக் கூரை. வேற என்ன சொல்லணும்?

விவசாயி தன் பொண்டாட்டி மேல பாயலை. என் மேல பாஞ்சார். "நான் சும்மா கேக்கத்தானே ஸ்டேஷனுக்குப் போனேன்? இப்படி இருக்கே, ஏன்னு ஒரு வார்த்தை. புதுசு, ஒட்டி மறைச்சுட்டாங்கன்னு சொன்னது யாரு? நீ சொன்ன அப்புறம்தானே நான் புகார் குடுத்தேன்! பெரிய மேதாவி மாதிரி நக்கிப் பார்த்தியே!" பாய், நீங்கன்னு பேசிக்கிட்டு இருந்த மனுஷன் நீ வா போன்னு வந்துட்டார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அவர் கேட்டது ஒவ்வொண்ணும் நியாயம்.

அவர் வீட்டம்மாதான் நிறுத்தினாங்க. "ஒரு பொம்பளை வயித்துல அடிச்சுட்டு இங்க என்ன சண்டை? வாங்க, போய்ச் சொல்லிட்டு வரலாம். நான் வந்து சொல்றேன்"னாங்க. இத்தனை வருஷம் மறைச்சு வெச்சதை ஊர் பேர் தெரியாத அதிகாரி முன்னாடி சொல்லக் கிளம்பினாங்க. எனக்கு அவங்களைப் பார்க்கவும் கூச்சமா இருந்துச்சு.

விசாரணை அதிகாரி எங்களைக் கூப்பிட்டப்போ கார்த்திகை தீபம் நெருங்கிடுச்சு. ஊரே போலீஸா நிறைஞ்சு கெடந்துச்சு. ஆபீஸ் வாசல்ல லாரியில தடுப்புக் கட்டை ஏத்திக்கிட்டு இருந்தாங்க. ஏட்டம்மாவும் வந்திருந்தாங்க, யூனிஃபார்மோட. விவசாயி துப்பாக்கியோட பின்கட்டையை மட்டும் கழட்டி எடுத்து வந்திருந்தார். அந்த வீட்டம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. நானும் புளி, குங்குமம், பிசின்னு சொன்னேன்.

அதிகாரி பொறுமையாத்தான் கேட்டார். "அம்மா, நீங்க நல்லவங்க, இந்த ஏட்டம்மாவுக்காகப் பேசறீங்க, புரியுது. ஆனா எல்லாரும் சேர்ந்து பேசி முடிச்சுட்டீங்கன்னு மேல சொல்லுவாங்க. ஏங்க பாய், முதல்ல புதுசுன்னீங்க. இப்போ பழசுங்கறீங்க. நடுவுல உங்களை யாரு வந்து பார்த்தாங்க?"

ஏட்டம்மா நிமிர்ந்தாங்க. முகம் சிவந்து போச்சு. எனக்கு அங்கயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. செய்யாத ஒரு தப்பைப் போட்டு அமுக்கினது போதாதுன்னு, இப்போ லஞ்சம் குடுத்தாங்கன்னும் ஆக்கிட்டேன்.

"சார், யாரும் வரலை. நான் காட்டறேன். அந்த ஒட்டைப் பிரிக்கறேன், உள்ள எங்கயாவது குங்குமம் மிச்சம் இருக்கும்"னேன். விவசாயி சரின்னு கையைக் காட்டினார். உளியும் ஆப்பும் கொண்டு போயிருந்தேன். ஜன்னல் ஓரமாக் கட்டையைச் சாய்ச்சு, ஒட்டு இருந்த கோட்டுல உளியை வெச்சேன். அந்தக் கோடே எனக்குச் சரியாத் தெரியலை, அப்படி ஒட்டியிருக்கேன். பிஸ்மில்லாஹ்னு சொல்லி ஆப்பை இறக்கினேன்.

சடார்னு பிளந்துச்சு.

ஒட்டு பிரியலை. நல்ல பசை புடிச்ச ஒட்டு பிரியாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். இதைக் கஸ்டமருங்ககிட்ட எத்தனை தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கேன். விரிசல் அப்படியே மூடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு விரல் தள்ளி, நல்ல மரம் ரெண்டாப் போயிருந்துச்சு. உள்ள வெளேர்னு. மறுபடி ஆப்பு வெச்சேன், இன்னொரு சிம்பு எழும்புச்சு. ஒரு ஓரத்துல ஒட்டு கொஞ்சம் தெரிஞ்ச இடத்துல பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். கழுவி வெச்ச தட்டு மாதிரி சுத்தம். ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை. நான்தான் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஸ்பிரிட் விட்டுக் கழுவினேனே. என் வேலையில மிச்சம் எங்க இருக்கும்?

அதிகாரி எழுந்து வந்து பார்த்தார். "புது மரம்தானே தெரியுது?"ன்னார். அப்புறம் கொஞ்சம் சிரிச்ச மாதிரி, "மரம் பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொல்வீங்களாமே"ன்னுட்டுத் தொப்பியை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார். தீபத்துக்கு லட்சக்கணக்குல சனம் வருது, அவருக்கு அந்த வேலை.

நான் தரையில உக்காந்து சிம்பைப் பொறுக்கினேன். "ஐயா, குடுங்க, நான் எப்படியாவது ஒட்டித் தரேன்"னு கட்டைக்குக் கையை நீட்டினேன். அந்த வீட்டம்மா என் கையில குடுக்கலை. துண்டுங்களைத் துணியில வெச்சு முடிஞ்சுக்கிட்டு, "வேணாம் பாய். நானே பிசின் வெச்சுக்கறேன்"னாங்க.

வெளிய ஏட்டம்மா வேப்பமரத்தடியில அவங்க ஸ்கூட்டரைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. தீபம் டியூட்டி முடிஞ்சதும் மலை ஸ்டேஷனுக்குப் போகணும்னு உத்தரவு வந்துடுச்சாம். பொண்ணைப் பரீட்சை வரைக்கும் தங்கச்சி வீட்டுல விடப் போறாங்களாம். இதெல்லாம் பக்கத்துல நின்ன போலீஸ்காரர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் போய் முன்னாடி நின்னேன். "என்னை மன்னிச்சிடுங்கம்மா, நான் நிஜத்தைத்தான் சொன்னேன், ஆனா அவர் நம்பலை"ன்னு எப்படியோ உளறினேன்.

துடைக்கறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. கோவம் இல்லை. கோவம் இருந்திருந்தா தேவலாம்.

"ஆமா பாய். நிஜத்தைச் சொல்லியும் நம்பலைன்னா எப்படி இருக்குன்னு இப்போ தெரிஞ்சுதா?"

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்காரி டீ கொண்டு வந்து வெச்சா. மரம் என்ன பேசுச்சுன்னு கேக்கலை. அதுக்கப்புறம் என்னிக்குமே கேக்கலை.